மணி அடிக்கட்டும், திரை வேண்டாமுங்க

"ஒரு வாரம் போனை அணைச்சு வெச்சுட்டு வால்பாறை போய்ட்டு வாங்க, மனசு அமைதியாகும்" என்று எழுதுகிறவர்கள் கொங்கு நாட்டில் தொழில் செய்து பார்த்ததில்லை போல. திருப்பூரில் பையருக்கு, அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்கு, பதில் சொல்லியாக வேண்டும். நாமக்கல்லில் முட்டை விலை பார்க்க வேண்டும். தாராபுரம் பக்கத்துத் தோட்டத்தில் மூணு பேஸ் கரண்ட் வந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் (மோட்டாரோடு சேர்ந்த, சிம் போட்ட பெட்டி) கூப்பிடும், எழுந்து மோட்டார் போட வேண்டும். போனை அணைத்தால் பண்ணையமே நின்றுவிடும்.

அதனால் போன் மணி அடிக்கட்டும் என்கிறேன். திரை மட்டும் கைக்கு எட்டாமல் இருந்தால் போதும். யாராவது கூப்பிட்டால் ரெண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். திரைக்கு முடிவே கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பிறகு அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். தினத்தாளில் கடைசிப் பக்கம் வந்தால் மடித்து வைத்துவிடுவோம்; இதில் மடிக்கிற இடமே இல்லை.

முதலில் போனை ஏன் எடுக்கிறோம் என்று ஒரு நாள் கவனியுங்க. பாதி நேரம் பேசுவதற்காக இருக்காது. மணி பார்க்க, அலாரம் வைக்க, தோட்டத்துக்கு வெளிச்சம் காட்ட, ராகு காலம் பார்க்க. எடுத்த காரணம் பத்து நொடியில் முடியும், அரை மணி நேரம் கழித்தும் போன் கையிலேயே இருக்கும். ஆகவே முதல் செலவு கடையில்: அலாரம் வைத்த மேசைக் கடிகாரம் ஒன்று, நல்ல டார்ச் லைட் ஒன்று, ஆசாரத்துச் (வீட்டு முன்கூடத்து) சுவரில் தினசரி கிழிக்கிற காலண்டர் ஒன்று. பாம்பு இருக்கிற வரப்பில் போன் வெளிச்சத்தை நம்பி நடப்பது எப்படியும் புத்திசாலித்தனம் இல்லை.

அடுத்தது இடம். படுக்கையறையில் சார்ஜ் போடாதீங்க. பழைய வீட்டுப் போன் மாதிரி ஆசாரத்தில் ஒரே இடம், நெஞ்சு உயரத்தில் பிளக் பாயிண்ட், ஒரு மீட்டருக்கு மேல் போகாத ஒயர். ரிங் சத்தம் முழுசாக. பேச வேண்டுமானால் நின்றுகொண்டே பேசலாம். நின்றுகொண்டு யாரும் ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்ப்பதில்லை. நீளமான ஒயர் வாங்கினால் இந்த ஏற்பாடு அன்றைக்கே செத்தது. நாற்காலி தானாக அங்கே வந்துவிடும்.

இப்போது செட்டிங்ஸ். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். போன் சத்தத்தை அடக்குகிற 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுவிட்டுப் படுப்பார்கள், ஒரு முக்கியமான கால் தவறும், மறுநாளே எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். விதிவிலக்கு கொடுக்காததுதான் பிழை. ஆண்ட்ராய்டில் அதற்குள் 'கால்ஸ்' என்ற இடத்தில் 'ஸ்டார்டு கான்டாக்ட்ஸ்' மட்டும் என்று வையுங்க. வீட்டார், டாக்டர், தறிக்குடோன் ஆள், மேனேஜர் ஆகியோருக்கு ஸ்டார் போடுங்க. மொபைல் ஸ்டார்ட்டரில் இருக்கிற சிம் நம்பரையும் ஒரு பெயரில் சேமித்து ஸ்டார் போட வேண்டும். சேமிக்காமல் விட்டால் அதுவும் தெரியாத நம்பர்தான், சத்தமே வராது, தண்ணி பாயாமல் விடியும். கூடவே 'ரிப்பீட் காலர்ஸ்' இயக்கி வையுங்க: ஒரே நம்பர் 15 நிமிஷத்துக்குள் ரெண்டாவது முறை கூப்பிட்டால் மணி அடிக்கும். ஐபோனில் அது 3 நிமிஷம். இதைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்க: "அவசரம்னா ரெண்டு தடவ அடிங்க மாமா."

வாட்ஸ்அப் குழுக்களை 8 மணி நேரம், ஒரு வாரம் என்று மியூட் செய்வதில் பலன் இல்லை. 'எப்போதும்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஆர்க்கைவ் பண்ணுங்க, அதாவது முதல் பட்டியலிலிருந்து ஒதுக்கி வையுங்க. உங்களைக் குறிப்பிட்டு எழுதினாலோ, உங்கள் செய்திக்கே பதில் போட்டாலோ மட்டும் அறிவிப்பு வரும். குலதெய்வக் கோயில் குழுவை விட்டு வெளியேறினால் பங்காளிகளுக்குள் மனஸ்தாபம். ஆர்க்கைவ் பண்ணினால் ஒருத்தருக்கும் தெரியாது. வியாபாரிகள் வாட்ஸ்அப் பிசினஸில் ராத்திரி நேரத்துக்குத் தானாகப் போகிற பதில் ஒன்று எழுதி வைக்கலாம்: 'அவசரம் என்றால் போன் செய்யவும்.' நம்புங்க, முக்கால்வாசிப் பேருக்கு அவசரம் இருக்காது.

ஏற்றுமதிக்காரர்கள் "எங்களுக்கு ராத்திரிதானே வேலை" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிற கோடைக் காலத்தில் நம் இரவு 9.30 என்றால் ஜெர்மனியில் மாலை 6, நியூயார்க்கில் பகல் 12. குளிர்காலத்தில் அங்கே ஒரு மணி நேரம் குறைவாக, மாலை 5, பகல் 11 என்று இருக்கும். ஆக, இரவு 9.30-க்கு ஒருமுறை உட்கார்ந்தால் ஐரோப்பாவின் நாள் முடிகிற நேரமும் அமெரிக்காவின் நடுப்பகலும் ஒன்றாகவே கிடைத்துவிடும். பதினொன்று, பன்னிரண்டு என்று கண்விழித்துப் பார்ப்பதில் பெரும்பாலும் புதிதாக ஒன்றும் தேறாது.

திரையைக் கறுப்பு வெள்ளையாக்குவது நல்ல யோசனைதான், ஆனால் சில நாளில் கண் பழகிவிடும். சாயப்பட்டறை, லேப் டிப் (சாய நிற மாதிரி) வேலையில் இருப்பவர்களுக்கு அது ஆகவே ஆகாது. போட்டோவில் ஷேடு பார்த்து ஓகே சொல்வதே தப்பு என்பது வேறு கதை. ஆப் டைமர் வைத்தால், நேரம் முடிந்ததும் அதை நீட்டிக்கிறவரும் நாமேதான். ஐபோனில் ஸ்கிரீன் டைம் கடவுச்சொல்லை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தால் கொஞ்சம் நிற்கும். யூடியூபில் பார்த்த வரலாற்றை அழித்துவிட்டு, இனிப் பதிவாகாமல் நிறுத்துங்க. முகப்பில் வீடியோ எதுவும் வராது, தேடினால்தான் வரும். இது ஒன்று மட்டும் டைமரைவிட அதிகம் உதவுகிறது.

பட்டன் போனுக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்க. ஜியோவுக்கு 2ஜி இல்லை, அதனால் பழைய 2ஜி பட்டன் போனில் அந்தச் சிம் வேலை செய்யாது. 4ஜி பட்டன் போன் வேண்டும். ஓடிபி-யும் சிம் இருக்கிற போனுக்குத்தான் வரும். புதிதாக யூபிஐ பதிவு செய்ய, சிம் அந்த ஸ்மார்ட்போனிலேயே இருந்தாக வேண்டும்.

முதல் சில நாள் கை சட்டைப் பையைத் தடவும், வராத அதிர்வு தொடையில் தெரியும். அதற்குப் பயந்து தியானம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கைக்கு ஒரு வேலை கொடுங்க. அவரைக்காய் உரிக்கலாம், இட்டேரியில் (தோட்டத்து வேலிகளுக்கு நடுவிலான தடத்தில்) ஒரு நடை போகலாம். வெறுமனே வாசலில் உட்காருவது முதல் வாரத்தில் ஒத்துவராது, எரிச்சல்தான் வரும்.

தனியாளாகச் செய்வதைவிட ஊராகச் செய்வது எளிது. மகாராஷ்டிராவில், சாங்லி மாவட்டத்து மோகித்யாஞ்சே வட்காவ் கிராமத்தில் 2022-ல் முடிவெடுத்து, சாயங்காலம் 7 மணிக்குச் சைரன் ஊதினார்கள், 8.30 வரை டிவியும் போனும் ஓய்வு. பஞ்சாலைச் சங்கைக் கேட்டு உலை வைத்த கோயமுத்தூர்ப் பக்கத்தாருக்கு இது ஒன்றும் புதுசில்லை. கிராம சபையில் பேசலாம், கோயில் மைக் போதும். நேரத்தை மட்டும் அப்படியே காப்பியடிக்காதீங்க. பால் ஊற்றிவிட்டு வருகிற தோட்டத்து ஊர்களுக்கு 7 மணி சரி. திருப்பூரைச் சுற்றி ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் எட்டரைக்கு மேல்தான் வீடு சேர்வார்கள். அங்கே 9 மணிக்கு வைத்தால்தான் பெற்றவர்களும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருப்பார்கள். ஏற்றுமதிக்காரருக்கு மட்டும் ஒன்பதரைக்கு ஒரு பத்து நிமிஷம் விலக்கு கொடுத்துவிடுங்க.