லியோனில் முதலில் சாப்பாட்டு மேசை, பிறகுதான் அறை

பாரிஸ் பார்த்தாயிற்று, பிரான்ஸில் அடுத்து எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஊர் லியோன். பாரிஸிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்தான். ஆனால் அங்கே போகிற பலர் முதலில் விலை குறைந்த அறையைப் பிடித்துவிட்டு, உணவகத்தைப் பசிக்கும்போது தேடுகிறார்கள். லியோனுக்கு இந்த வரிசை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. எந்த நாளில் எங்கே சாப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விடுதியை அதன்பின் தேடலாம்.

காரணம் எளிது. அந்த ஊரின் நல்ல, நடுத்தர விலை உணவகங்களில் பல ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். ஆகஸ்டில் வாரக்கணக்கில் விடுமுறை விடுபவையும் உண்டு. சனிக்கிழமை வந்து இறங்கித் திங்களன்று கிளம்புபவருக்கு ஊரின் சிறந்த சமையல் கண்ணில் படாமலே போகலாம். செவ்வாய் முதல் வெள்ளி வரை அங்கே இருங்கள்.

இன்னொன்று, பெரிய சாப்பாட்டை மதியத்தில் வையுங்கள். வார நாள் மதியங்களில் இரண்டு அல்லது மூன்று பகுதிகள் கொண்ட சாப்பாட்டை ஒரே விலைக்கு, பெரும்பாலும் 20 யூரோவை ஒட்டித் தருவார்கள். இரவில் அதே சமையலறைக்குக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 'பூஷோன்' எனப்படும் லியோன் உணவகங்களின் சமையலும் இரவுக்கானது அல்ல. பட்டு நெசவாளர்கள் இரவெல்லாம் தறியில் உழைத்துவிட்டுக் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட மரபில் வேர்விட்ட உணவு அது. ஆற்று மீனை அரைத்துச் செய்யும் கெனெல், பன்றிக்குடலில் செய்யும் ஆந்துயெத், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மாட்டுப் போட்டி என எல்லாமே கனமானவை. குடல் கறியை விரும்பிச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இவற்றில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. சைவர்களுக்குத்தான் கடினம். பூண்டும் பச்சிலைகளும் கலந்த பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கைப் பாலேட்டில் சுட்ட கிராத்தேன் போன்ற சிலவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

வியூ லியோன் என்ற பழைய நகரத்தின் சான் ஜான் தெருவிலும், சோன் ஆற்றின் மறுகரையில் மெர்சியேர் தெருவிலும் வரிசையாக உணவகங்கள் இருக்கின்றன. அங்கே நல்லவையும் உண்டு. ஆனால் பீட்சாவையும் கெனெலையும் ஒரே அட்டையில், படத்தோடு நான்கு மொழிகளில் அச்சடித்திருந்தால் நான் உள்ளே நுழைவதில்லை. அன்றைய உணவைப் பலகையில் கையால் எழுதி, நான்கைந்து வகைகளோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தையே நம்புவேன். 2012 முதல் உண்மையான பூஷோன்களுக்கு 'லே பூஷோன் லியோனே' என்ற முத்திரை தருகிறார்கள். அது வாசலில் இருந்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் இலவசம், 'கராஃப் தோ' என்று கேளுங்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிடும், தனியாக டிப்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை.

இனி விடுதி. ரோன், சோன் ஆறுகளுக்கு இடைப்பட்ட பிரெஸ்கீல் பகுதியில், பெல்கூர் சதுக்கத்தைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று நட்சத்திர விடுதி போதும். கனமான மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தே அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் படுக்கலாம் என்பதே அந்த இடத்தின் பெரிய பலன். பெல்கூரிலிருந்து வியூ லியோன் மெட்ரோவில் ஒரே நிறுத்தம்தான். பார் தியூ ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகள் அதிகாலை ரயில் பிடிப்பவர்களுக்குச் சரி. மாலையில் உலாவ அந்த அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஒன்றும் இல்லை.

நட்சத்திரங்கள் வசதிகளை எண்ணித் தரப்படுபவை. அவை அறையின் அமைதியைப் பற்றி அதிகம் சொல்லாது. எனவே முன்பதிவுக்கு முன் லிஃப்ட் உண்டா, ஏசி உண்டா, ஜன்னல் தெருவைப் பார்த்ததா உள்முற்றத்தைப் பார்த்ததா என்று கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இல்லாதவை உண்டு, ஜூலை வெயிலோ லேசானதல்ல. தங்கும் வரி தலைக்கு இவ்வளவு என்று தனியாக வரும். காலை உணவுக்கு விடுதியில் பணம் கட்ட வேண்டாம். தெருமுனை ரொட்டிக் கடையில் சிவப்புப் பிரலீன் (சர்க்கரைப் பூச்சிட்ட பாதாம்) வைத்த பிரியோஷ் என்ற மெத்தென்ற இனிப்பு ரொட்டி ஒரு துண்டும் ஒரு காபியும் மதியம் வரை தாங்கும்.

டிசம்பர் 8-ஐ ஒட்டிய விளக்குத் திருவிழா நாட்களில் மட்டும் இந்த வரிசை மாறும். அப்போது அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்து, விலையும் ஏறிவிடும். அந்த வாரம் போவதானால் அறையை முதலில் பிடியுங்கள்.