மூலநிதி இருக்கும்போது நன்கொடை எதற்கு?

"கோடிக்கணக்கில் மூலநிதி வைத்திருக்கும் ஆய்வு நிறுவனத்துக்கு நன்கொடை தேவையே இல்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. மூலநிதி என்பது முதலீடு செய்து வைத்து, ஆண்டுதோறும் ஒரு சிறு பகுதியை மட்டும் செலவிடும் நிதி; நினைத்தபோது எடுக்கும் சேமிப்புக் கணக்கு அல்ல. பொதுவாக, கடந்த சில ஆண்டுகளின் சராசரி மதிப்பில் 4 முதல் 5 சதவீதம்தான் ஆண்டுதோறும் எடுப்பார்கள். 100 கோடி இருந்தால் கைக்கு வருவது நாலைந்து கோடி. அதிலும் பெரும்பகுதி கொடுத்தவர் சொன்ன காரியத்துக்கே கட்டுப்பட்டது. பேராசிரியர் இருக்கைக்கென்று, அதாவது ஒரு பேராசிரியர் பதவிக்கென்று, வந்த பணத்தில் ஒழுகும் நூலகக் கூரையை அடைக்க முடியாது! மின்கட்டணம், இதழ்ச் சந்தா, அடுத்த மானியம் வரும்வரை ஆய்வாளரின் இரண்டு மாதச் சம்பளம் போன்றவற்றுக்குக் கைகொடுப்பது நிபந்தனையில்லாமல் வரும் பணம்தான். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் உள்ள உயர் ஆய்வு நிறுவனம் 1930இல் பாம்பெர்கர் குடும்பம் தந்த 50 லட்சம் டாலரில் தொடங்கியது. அதுவும் இன்றுவரை நன்கொடை வாங்குகிறது.