ஆப் இருக்குல்ல, அப்புறம் என்ன?

நேத்து அந்த இண்டக்‌ஷன் அடுப்பு போஸ்ட்ல நடந்த கூத்தைப் பாத்தவங்களுக்கு நான் எதைப் பத்தி எழுதுறேன்னு தெரியும். பாக்காதவங்க அங்க போய் கூட்டம் சேக்க வேணாம். கண்ணு தெரியாத ஒரு பொண்ணு, டச் இல்லாம குமிழ் வச்ச அடுப்பு எங்க கிடைக்கும்னு கேட்டா, அவ்ளோதான். அதுக்கு நம்ம பிரபலம் வந்து "இப்பதான் ஏஐ வந்துருச்சே, போனை நீட்டுனா எல்லாத்தையும் சொல்லிடுது, இன்னும் எதுக்கும்மா குமிழு"ன்னு அருள்வாக்கு குடுக்க, கீழ ஹார்ட்டின் குவியுது.

ஆப் வேணாம்னு நான் சொல்லல. எனக்கும் கண்ணு தெரியாது, கண்ணு தெரிஞ்ச வாலன்டியர் வீடியோ கால்ல பாத்து சொல்ற பீ மை ஐஸ் ஆப் 2017ல ஆண்ட்ராய்டுக்கு வந்தப்ப குதிச்ச ஆள் நான். கேமரால பாத்து என்ன இருக்குன்னு சொல்ற மைக்ரோசாஃப்டோட சீயிங் ஏஐ, கூகுளோட லுக்அவுட் எல்லாம் போன்ல இருக்கு. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரில விட்ட மணி ஆப் நெட் இல்லாமலே நூறா இருநூறான்னு சொல்லிடும், நல்ல நோட்டா கள்ள நோட்டான்னு மட்டும் சொல்லாது. சந்தோஷம். ஆனா ஆப் உதவி சார். அடுப்பை ஒழுங்கா செய்யாம விட்டதுக்கு அது சாக்கு கிடையாது.

டச் அடுப்பு முன்னாடி என்ன நடக்கும்னு சொல்றேன். வழவழன்னு கண்ணாடி. எது எங்க இருக்குன்னு தடவிப் பாத்தா, தடவுனதே அமுக்குனதா ஆயிடும். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கலாமேன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. ஒட்டியிருக்கேன் க்கா, மோடு பட்டனுக்குப் பக்கத்துல ஒண்ணு, கூட்டுறதுக்குப் பக்கத்துல ரெண்டு. ரசம் பொங்குனா துடைக்கிறதுல பொட்டும் போயிடும். எத்தனை தடவை பீப் அடிச்சதுன்னு எண்ணி மோடு மாத்தணும், நடுவுல கரண்ட் போச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து. இதுக்கு போனை ஒரு கையில பிடிச்சு, போட்டோ எடுத்து, அது "கருப்பு நிற அடுப்பு, மேலே ஒரு எவர்சில்வர் பாத்திரம்"னு வர்ணிச்சு முடிக்கிற வரைக்கும் பால் காத்துக்கிட்டு இருக்குமா? குமிழா இருந்தா ஒரு திருகு.

"நல்லதுக்குத்தானே சொன்னாரு"ங்கிறீங்க. இருக்கட்டும்.

"உங்க நாலு பேருக்காக கம்பெனிக்காரன் மாத்துவானா"ன்னு ஒருத்தர். உங்க அப்பாவுக்கு சுகர் ஏறி, கண்ணு மங்கி, அந்த கண்ணாடி முன்னாடி நிக்கிறப்ப பேசலாம் தம்பி. சலுகையும் கேக்கல. பேங்க் மாதிரி இடங்கள்ல நாம யாருன்னு வீடியோல சரிபாக்குற கேஒய்சில கண்ணை சிமிட்டுன்னு கேக்குற கொடுமையை எதிர்த்துப் போன வழக்குல, டிஜிட்டல் வசதி கிடைக்கிறது வாழும் உரிமைல அடங்கும்னு சுப்ரீம் கோர்ட்டே 2025 ஏப்ரல்ல சொல்லிருச்சு. ஆனா நம்ம ஊர்ல வாஷிங் மெஷினுக்குன்னு ஒரு ஆப் குடுக்குறாங்க, அதைத் திறந்தா, ஸ்க்ரீன்ல இருக்குறதை வாசிச்சு சொல்ற டாக்பேக் "பட்டன், பட்டன், பட்டன்"னு வாசிக்குது. என்ன பட்டன்? அதை தெரிஞ்சுக்க இன்னொரு ஆப்பா?

அப்புறம் அந்த "பீ மை ஐஸ்ல வாலன்டியர் இருக்காங்களே". இருக்காங்க, தங்கமானவங்க. ஒரு தடவை திருநெல்வேலி பக்கத்து பேச்சுல ஒரு அக்கா, புடவைக்கும் ஜாக்கெட்டுக்கும் சேருதான்னு பொறுமையா பாத்து சொன்னாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் முகம் தெரியாத ஒருத்தருக்கு என் அடுக்களையைத் திறந்து காட்டணும். கொடியில என்ன காயுது, நான் நைட்டில இருக்கேனா, டேபிள் மேல பேங்க் பாஸ்புக் கிடக்கா, இதெல்லாம் யோசிச்சுட்டுத்தான் கூப்பிட முடியும். நீங்க அடுப்பு பத்த வைக்க ஊர்ல ஒருத்தருக்கு வீடியோ கால் போடுவீங்களா?

மாத்திரை கதை தனி. அட்டையோட வெள்ளித் தாள் பளபளப்புல கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. பேரு இருக்குற ஓரத்தை மெடிக்கல் ஷாப்புலயே வெட்டி எடுத்திருப்பாங்க. அந்த நிலைமைலயும் ஏஐ சில சமயம் தைரியமா ஒரு தேதியை சொல்லும், தப்பா! மனுசனா இருந்தா "சரியா தெரியலம்மா"ன்னாவது சொல்லுவான்.

சரி, சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். கோவம் அந்த பிரபலத்து மேல மட்டும் இல்ல. எங்க வீட்டுலயும் இதே பாட்டுதான். முன்னாடி லெட்டர் வந்தா தம்பி படிச்சு சொல்லுவான், அலுத்துக்கிட்டே படிப்பான், நடுவுல கிண்டல் பண்ணுவான், கரண்ட் பில்லை அரசர் ஆணை மாதிரி வாசிப்பான். இப்ப "ஆப்ல பாத்துக்கயேன் க்கா". பாத்துக்கிட்டேன். வேலை முடிஞ்சுது. ஆனா அவன் என் ரூமுக்கு வர்றதும் அதோட முடிஞ்சுது. இதுக்கு எந்த கம்பெனியைக் குத்தம் சொல்றது? "நீங்களேதானே யாரையும் எதிர்பாக்காம வாழணும்னு சொன்னீங்க"ன்னு கேப்பீங்க. சொன்னேன்தான். எதிர்பாக்காம இருக்குறதை நான் முடிவு பண்ணணும், மத்தவங்க கையைக் கழுவுறதுக்கு அது வசதியா இருக்கக் கூடாது.

"இவ்ளோ பெருசா டைப் பண்றீங்களே, நிஜமாவே கண்ணு தெரியாதா"ன்னு கேக்க வர்றவங்களுக்கு: வாயால சொல்லி, காதால திருத்தி எழுதுறோம். பிழை இருந்தா பொறுத்துக்கோங்க, இல்லன்னா அன்ஃபாலோ பண்ணுங்க, டாக்பேக்ல அந்த பட்டன் நல்லாவே வாசிக்கும்.

கமெண்ட்ல ஆப் லிங்க் மட்டும் போடாதீங்க. எல்லாம் போன்ல இருக்கு. அதையெல்லாம் ஓட்டுறதுல சாயங்காலத்துக்குள்ள சார்ஜ்தான் நிக்க மாட்டேங்குது. நல்ல பவர்பேங்க் இருந்தா சொல்லுங்க, அமுக்குனா "டக்"குனு சத்தம் கேக்குற மாதிரி பட்டன் வச்சதா.