திருச்சிக்கு ஒரு சுண்ணாம்புப் பொட்டு

கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய வீடு. மச்சிலிருந்து இறக்கிய, கண்ணாடிக் குழல் வால்வுகளால் இயங்கும் ரேடியோவைப் பட்டாசலில் வைத்துப் பேரன் துடைக்கிறான். ஆச்சி அப்பளம் இட்டுக்கொண்டிருக்கிறாள்.

பேரன்: ஆச்சி, இதன் பிளக் எங்கே போயிற்று?

ஆச்சி: கரண்டே வராத வீட்டில் பிளக்கை எங்கே செருகுவது, என் கொண்டையிலா?

பேரன்: ஓ, பேட்டரி செட்டா! வால்வின் இழைக்கு 1.5 வோல்ட் போதும். ஆனால் கூடவே 90 வோல்ட் வேண்டுமே. அறுபது டார்ச் செல்லை வரிசையாகக் கோக்க வேண்டும்.

ஆச்சி: கோத்து அட்டைப் பெட்டியில் அடைத்துத்தான் விற்றார்கள். செங்கல் கனம். கனத்தைச் சுமந்தவள் நான், விலையைச் சொல்லிக்காட்டியவர் உன் தாத்தா.

பேரன்: நான் 9 வோல்ட் பேட்டரி பத்து வாங்கி வந்திருக்கிறேன். தொடராக இணைத்தால் 90!

ஆச்சி: ஏலே, அதை இழைக் கம்பியில் கொடுத்துவிடாதே. அத்தனை வால்வும் நொடியில் பஸ்பம்.

பேரன்: இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆச்சி: திருட்டுத்தனமாகக் கேட்கிறவள் தெரிந்துகொள்ளாமல் முடியுமா? பேட்டரி தீர்ந்துவிடும் என்று அவர் இரவுச் செய்தி மட்டும் வைப்பார். நெல்லையில் நிலையம் வந்தது 1963-இல். அதுவரை திருச்சிதான். செய்தி முடிந்ததும் நிறுத்துவார் பார், தூறல் விழுந்தால் நான் அப்பளத்தை அள்ளுகிற வேகம்! பகலில் அவர் வயலுக்குப் போனதும் நான் இலங்கை வானொலி.

பேரன்: மாட்டிக்கொள்ளவில்லையா?

ஆச்சி: கரண்டில் ஓடும் வால்வு செட் சூடேறிப் பாட அரை நிமிடம் ஆகும். இது திருகியதும் பாடும். திருட்டுக்கென்றே செய்த பெட்டி. என்ன, ஆறு மாதம் வரவேண்டிய பேட்டரி மூன்றே மாதத்தில் படுத்துவிடும். அவர் அம்பாசமுத்திரத்துக் கடைக்காரரிடம் போய்க் குதிப்பார். நான் கேட்டது தினம் நாலு பாட்டு. அதற்கு இவ்வளவா குறையும் என்று எனக்கே சந்தேகம்தான்.

பேரன்: கண்ணாடியில் இந்த வெள்ளைப் பொட்டு?

ஆச்சி: வெற்றிலைச் சுண்ணாம்பு. முள்ளைப் பழையபடி திருச்சியில் கொண்டுபோய் நிறுத்த அடையாளம்.

பேரன்: அப்படியானால் இலங்கை இருக்கும் இடத்தில் இந்தச் சிவப்புப் பென்சில் கோடு?

ஆச்சி: சிவப்பா? இலங்கைக்கு எனக்கு அடையாளம் எதற்கு, விரலுக்கே வழி தெரியும். என் மூக்குக் கண்ணாடியை எடு.

பேரன்: தாத்தா நெல் கணக்கு எழுதியது சிவப்புப் பென்சிலில்தானே?

(ஆச்சி அப்பளக் குழவியைக் கீழே வைக்காமலே எழுந்து, சுவரில் மாட்டியிருக்கும் படத்தின் முன் போய் நிற்கிறாள்.)

ஆச்சி: நான் ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரமெல்லாம்... ஏன் ஐயா, அந்தக் கடைக்காரர் உமக்கு என்ன பாவம் செய்தார்?