கார் நம்பரே தெரியாம எப்படிங்க டோல் கட்றது?

மூணு நாளா ராத்திரி பன்னெண்டு வரைக்கும் லேப்டாப் முன்னாடி உக்காந்து கழுத்தே புடிச்சுக்கிச்சு, இன்னும் பிளான் முடியல. மியூனிக்ல வாடகைக்கு கார் எடுத்து ஆஸ்திரியா, இத்தாலி, சுவிஸ் சுத்திட்டு வரணும், அவ்ளோதான் ஆசை. ஜெர்மனி ஆட்டோபான்ல, அதாவது அவங்க ஹைவேல, காருக்கு டோலே கிடையாது. பார்டர் தாண்டினா ஆஸ்திரியாவுக்கு விக்னெட், அதாவது இத்தனை நாளைக்குன்னு முன்கூட்டியே காசு கட்டி வாங்குற ஹைவே பாஸ். சரின்னு பாத்தா, அங்கேருந்து இத்தாலிக்குப் போற பிரென்னர் ஹைவேக்கு அது செல்லாதாம், தனியா கட்டணுமாம்! இத்தாலில சீட்டு எடுத்து தூரத்துக்குத் தகுந்த மாதிரி காசு. சுவிஸ்ல ரெண்டே நாள் இருக்கப்போறோம், ஆனா வருஷ விக்னெட் மட்டும்தான் இருக்கு, 40 ஃப்ராங்க். ஒரு வாரத்துக்குன்னு ஒண்ணு குடுத்தா என்ன குறைஞ்சிடும்?

இதுல எனக்கு வயிறு எரியறது டிஜிட்டல் விக்னெட்டுக்குத்தான். முதல்லயே கார் நம்பர் போடுன்னு கேக்குது. வாடகைக் கார் நம்பர் சாவி கைக்கு வர்ற அன்னிக்குத்தானே தெரியும்? பெட்டிய டிக்கில ஏத்திட்டு, பின்சீட்ல பசங்க பசிக்குதுன்னு அழ, பார்க்கிங்ல நின்னுக்கிட்டு போன்ல ஒவ்வொரு எழுத்தா தட்டணுமா? ஒரு எழுத்து மாறிப்போனா அபராதத்த யாரு கட்டுவா?

ஃப்ளாரன்ஸ்ல புடிச்ச ஹோட்டல் வேற கேமரா வச்ச இசட்டிஎல், அதாவது வெளி வண்டிங்க இஷ்டத்துக்கு நுழைய முடியாத ஏரியாக்குள்ள இருக்கு. பர்மிட் இல்லாம நுழைஞ்சா அபராதம். அந்த நோட்டீஸ் மொதல்ல வாடகைக் கம்பெனிக்குப் போகும், அவங்க அதுக்கு ஒரு சார்ஜ் போடுவாங்க. ஷெங்கன்னு ஒரே விசா குடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஒரே டோல் குடுக்கத் தெரியாதா?