எல்லா மாற்றமும் கெடுதல் இல்லை

"காரில் கை வைப்பதே தப்பு, கம்பெனி கொடுத்தபடியே ஓட்டுவதுதான் ரசனை" என்று கார்களை மாற்றியமைப்பது பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜப்பானின் அகிரா நாகாய் பழைய போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரின் பக்கத் தகட்டை அறுத்து அகலமான ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல் வரும் தகடு) பொருத்துகிறார். ஒரிஜினல் பிரியர்களுக்கு அது கொலை. ஆனாலும் அவரிடம் காரை ஒப்படைக்கப் பல நாடுகளில் ஆள் இருக்கிறது.

லோரைடர், அதாவது தரையை ஒட்டித் தாழ்த்திய காரின் கதை இன்னும் சுவை. சக்கர ரிம்மின் அடிப்பக்கத்தைவிடத் தாழ்வாகக் காரின் உடல் இருக்கக்கூடாது என்று 1958இல் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. அங்கே ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட் காரில், எண்ணெய் அழுத்தத்தால் காரைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் பம்ப் வைத்தார். சுவிட்சைத் தட்டினால் கார் சட்டப்படி உயரும், போலீஸ் போனதும் இறங்கும்! அந்தக் குறும்பு பிறகு ஒரு கலையாகவே வளர்ந்தது.

சரி, எனக்கும் ஆகாதவை உண்டு. ஸ்டான்ஸ் என்ற பாணியில், சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கி இருக்கும்படி அளவுக்கு மீறிச் சாய்த்தால் டயரின் உள் விளிம்பு மட்டும்தான் தரையைப் பிடிக்கும். பிரேக் போட்டாலும் கார் சரியாக நிற்காது, டயரும் ஒரு பக்கமாகத் தேயும். அதில் ரசனை பேச இடமில்லை, சாலையில் மற்றவர்களும் போகிறார்கள். மற்றபடி ஸ்டிக்கர், நிறம், காரின் பின்னால் பெரிய இறக்கை எல்லாம் அவரவர் காசு. காதைக் கிழிக்கும் சைலன்சரை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.