ஆபரேஷன் முடிந்தாலே கீமோ கட்டாயமா?

ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்ததும் எல்லோருக்கும் கீமோ தேவை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சரியில்லை.

என் அக்காவுக்கு 58 வயது. கட்டி 1.4 செ.மீ., அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் பரவவில்லை. ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் வகை; ஹெர்2 நெகட்டிவ், அதாவது ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இல்லை. 'எதற்கும் கீமோ போட்டுவிடலாம்' என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். பயம்தான். டாக்டர்தான், எடுத்த கட்டியை ஆன்கோடைப் சோதனைக்கு அனுப்பலாம் என்றார். 21 மரபணுக்களைப் பார்த்து நோய் திரும்பும் வாய்ப்பைக் காட்ட 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தரும் சோதனை அது. செலவு அதிகம், நகையை வைத்துத்தான் கட்டினோம். அக்காவுக்கு வந்தது 17.

2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில், இதே வகை நோயில் 11 முதல் 25 வரை மதிப்பெண் வந்தவர்களில், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் கீமோவும் சேர்த்து எடுத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 50 வயது வரை உள்ளவர்களுக்கு 16 முதல் 25 வரை வந்தால் கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது. அதனால் இளவயதினர் அக்காவின் கதையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். டிரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன், ஹெர்2 எல்லாமே நெகட்டிவ்) அல்லது ஹெர்2 பாசிட்டிவ் என்றால் கணக்கே வேறு.

அக்காவுக்கு கீமோ போடவில்லை. மார்பகத்தை முழுதாக எடுக்காததால் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது தினமும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை. மூட்டுவலி படுத்துகிறது, எலும்பு அடர்த்தியையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை என்றால் லேசு என்று நினைத்துவிடாதீர்கள், அப்புறம் பாதியில் நிறுத்தத் தோன்றும். வலி தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரைக்கு மாற்ற வழி உண்டு.